கைகர் எண்ணியும் பொட்டாஷ் மூட்டையும்

கதிரியக்கத்தை அளக்கும் கருவி ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் அணுமின் நிலையங்களிலும் மட்டுமே இருந்தது. இன்று கைக்கு அடக்கமான கைகர் எண்ணிகள் கடைகளில் கிடைக்கின்றன. உதிரி உறுப்புகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

கருவி கைக்கு வந்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. இது சரியாக வேலை செய்கிறதா? தராசு சரியா என்று அறிய ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். வெப்பமானி சரியா என்று அறியக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்க்கிறோம். கதிர் எண்ணியைச் சோதிக்கக் கதிரியக்கப் பொருள் அல்லவா வேண்டும்? அதற்கு எங்கே போவது? இக்கேள்விக்குத் தவறான இடத்தில் விடை தேடினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சரியான விடையோ ஊர் உரக்கடையில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி செல்லும் வழியில் எலவனாசூர்கோட்டை என்ற ஊர் உள்ளது. அவ்வூரில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியிடம் இத்தகைய எண்ணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாருக்கும் தீங்கு நேராமல் அவள் தன் கருவியை எவ்வாறு சோதிக்கலாம் என்று காண்போம். நீங்கள் வேறு எந்த ஊரில் இருந்தாலும் இதே முறைகளைப் பின்பற்றலாம்.

கருவி எவ்வாறு எண்ணுகிறது?

கைகர் எண்ணியின் உயிர்நாடி ஒரு சிறு குழாய். அதனுள் நியான் அல்லது ஆர்கான் போன்ற வாயு குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். குழாயின் நடுவே ஒரு மெல்லிய கம்பி செல்கிறது. கம்பிக்கும் குழாயின் சுவருக்கும் இடையே சுமார் 400 வோல்ட் மின்னழுத்தம் தரப்பட்டுள்ளது. சாதாரண நிலையில் வாயு மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

கதிரியக்கப் பொருளிலிருந்து புறப்பட்ட பீட்டாத் துகள் ஒன்று குழாய்க்குள் நுழைந்தால், வாயு அணுக்களிலிருந்து சில எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிடும். அந்த எலெக்ட்ரான்கள் கம்பியை நோக்கி விரைந்து செல்லும்போது வழியில் மேலும் பல அணுக்களை மோதி எலெக்ட்ரான்களை விடுவிக்கின்றன. மலைச்சரிவில் உருளும் ஒரு கல் பல கற்களைப் பெயர்த்துக்கொண்டு இறங்குவது போன்றது இது. ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் ஒரு மின்துடிப்பு உண்டாகிறது. கருவி "டிக்" என்று ஒலித்து ஒன்று என எண்ணிக்கொள்கிறது.

ஹான்ஸ் கைகர், ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து 1908-இல் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். பின்னர் 1928-இல் தம் மாணவர் வால்தர் முல்லருடன் இணைந்து இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை அமைத்தார். இதனால்தான் இதனைக் கைகர்-முல்லர் எண்ணி என்கிறோம்.

இங்கு மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, கருவியின் பெட்டியைத் திறந்து விரலை வைக்கக்கூடாது. மின்கலத்தை எடுத்த பின்பும் மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். இரண்டாவது, வீட்டுக் கருவிகளின் கண்ணாடி அல்லது உலோகச் சுவரை ஆல்ஃபாத் துகளால் ஊடுருவ முடியாது. அவை பீட்டாத் துகள்களையும் காமாக் கதிர்களையுமே பெரும்பாலும் எண்ணுகின்றன. ஆகவே சோதனைப் பொருளும் இவ்விரண்டையும் வெளியிடுவதாக இருக்க வேண்டும். மூன்றாவது செய்தி வியப்பானது. ஒரு துடிப்பு முடிந்து குழாய் பழைய நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் வேறு துகள்கள் வந்தாலும் அது எண்ணாது. மிக வலிமையான கதிர்வீச்சில் எளிய எண்ணிகள் சில திணறிப்போய்க் குறைவான எண்ணையே காட்டும். சில சுழியைக்கூடக் காட்டிவிடும். எனவே, "வலிமையான பொருளருகே வைத்தால்தான் கருவியின் திறம் தெரியும்" என்ற எண்ணம் ஆபத்தானது மட்டுமன்று, தவறானதுமாகும்.

மாயாபுரி தரும் பாடம்

வலிமையான கதிரியக்கப் பொருளைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்கோ, கைவிடப்பட்ட கருவிகளிடமோ போகக்கூடாது என்று எச்சரிப்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. அதனுள் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் காரீயக் கவசத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. 1985-க்குப் பின் பயன்படுத்தப்படாமல் கிடந்த அக்கருவி, 2010 பிப்ரவரியில் பழைய பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டது. அது தில்லியின் மாயாபுரிப் பழைய உலோகச் சந்தையைச் சென்றடைந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஏப்ரல் மாதத்தில் பலர் கதிர்வீச்சுப் புண்களோடும் குமட்டலோடும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிறு துண்டு ஒன்றைத் தம் பணப்பையில் வைத்திருந்த ஒருவரும் அவர்களுள் அடங்குவார். தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். அதாவது ஒவ்வொரு 5.27 ஆண்டுக்கும் அதன் வலிமை பாதியாகக் குறைகிறது. 25 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 27-இல் ஒரு பங்காகிவிடும். அவ்வாறு குறைந்த பின்னரும் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. "பழைய பொருள்தானே, வீரியம் போயிருக்கும்" என்று எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த உலோகத் துண்டு சூடாகவோ நாற்றமுடையதாகவோ இருக்கவில்லை. பார்வைக்குச் சாதாரண உலோகம் போலவே இருந்தது.

மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற கதிரியக்கக் குறியையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் காரீயப் பெட்டியையோ பழைய பொருள்களிடையே கண்டால் தொடாதீர்கள். விலகிச் சென்று பெரியவர்களிடம் கூறி, 112 என்ற எண் வழியாகக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். புகை உணர்த்தி சிலவற்றில் உள்ள அமெரிசியத்தை எடுப்பதற்காக அவற்றை உடைப்பதும், இருளில் ஒளிரும் மிகப் பழைய கடிகார முகப்பின் ரேடியப் பூச்சைச் சுரண்டுவதும் கூடாது. இத்தூள்கள் உடலுக்குள் போனால் வெளியே எடுப்பது மிகக் கடினம்.

முதற்சோதனை: எதுவும் வைக்காமல் எண்ணுதல்

நம் மாணவி முதலில் செய்ய வேண்டியது கருவியை மேசைமீது வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான். அருகில் எதுவும் இல்லாதபோதும் கருவி "டிக்... டிக் டிக்..." என்று ஒலிக்கும். இதற்குப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பெயர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை இதற்குக் காரணம். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் ஆகும்.

ஒவ்வொரு நிமிடத்தின் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். 19, 26, 22, 17, 25 என்று மாறி மாறி வரும். இது கருவியின் கோளாறு அன்று. அணுக்கள் சிதைவது எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத நிகழ்ச்சி. மாறாக, எண்ணி ஒவ்வொரு நிமிடமும் சரியாக 22 என்றே காட்டினால்தான் ஐயப்பட வேண்டும். கதிர்வீச்சை உணராமலே எண்களைக் காட்டும் போலிக் கருவிகளும் சந்தையில் உண்டு.

அடுத்து, கருவி பொய்யாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாய்களுள் சில, வெயில் பட்டாலும் எண்ணும். எனவே குழாயைக் கறுப்புத் தாளால் மூடி ஒருமுறையும் திறந்து ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கைபேசி அழைப்பு வரும்போது எண்ணிக்கை தாவுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இச்சோதனைகளுக்குக் காசு செலவில்லை. ஆனால் இவற்றைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பொருளில்லை.

இரண்டாம் சோதனை: உரக்கடைப் பொட்டாஷ்

எலவனாசூர்கோட்டை வட்டாரத்தில் கரும்பும் மரவள்ளியும் நெல்லும் பயிராகின்றன. இப்பயிர்களுக்கு இடும் பொட்டாஷ் உரத்தை அறியாத உழவர் இல்லை. செம்மை கலந்த நிறத்திலோ வெண்மையாகவோ இருக்கும் இவ்வுரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பே ஆகும்.

பொட்டாசியம் இயற்கையிலேயே சிறிதளவு கதிரியக்கம் உடையது. இதனை 1906-இல் கேம்பிரிட்ஜில் நார்மன் கேம்பெலும் அலெக்சாண்டர் வுட்டும் கண்டறிந்தார்கள். பொட்டாசிய அணுக்களில் மிகப் பெரும்பாலானவை நிலையானவை. ஏறக்குறைய 8,500 அணுக்களில் ஒன்று மட்டும் பொட்டாசியம்-40 என்ற ஐசோடோப்பாக இருக்கும். இதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். பூமி தோன்றியபோது இருந்தவற்றுள் எஞ்சிய அணுக்கள்தாம் இன்றும் சிதைந்துகொண்டிருக்கின்றன. பத்து அணுக்கள் சிதைந்தால் அவற்றுள் ஒன்பது பீட்டாத் துகளை வெளியிட்டுக் கால்சியமாக மாறுகின்றன. ஒன்று ஆர்கானாக மாறும்போது பெரும்பாலும் காமாக் கதிரை வெளியிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்காக உள்ள ஆர்கான் வாயு பெரும்பாலும் இவ்வாறு பாறைகளில் பிறந்ததேயாகும்.

ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. உர மூட்டையின்மேல் பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில் 60 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். இதைத் தனிமமாகக் கணக்கிட்டால் ஒரு கிலோ உரத்தில் சுமார் 500 கிராம் பொட்டாசியம் உள்ளது. எனவே ஒரு கிலோ உரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 15,500 சிதைவுகள் நிகழ்கின்றன.

இவ்வெண்ணைக் கண்டு அஞ்சவேண்டாம். நம் உடலிலும் பொட்டாசியம் இருக்கிறது. அது இல்லாமல் நரம்பும் இதயமும் இயங்கா. 50 கிலோ எடையுள்ள மாணவியின் உடலில் சுமார் 100 கிராம் பொட்டாசியம் இருக்கும். அப்படியானால் அவள் உடலிலேயே நொடிக்கு 3,000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன! உரத்தை மூட்டை மூட்டையாகக் கையாளும் உழவருக்குக் கதிர்வீச்சால் கேடு இல்லை. அதைப் பக்கத்தில் வைத்து எண்ணும் மாணவிக்கும் இல்லை. ஆயினும் பொட்டாஷை வாயில் இடக்கூடாது. அதிக அளவில் உடலில் சேர்ந்தால் இதயத்துடிப்பைப் பாதிக்கும். இது அதன் வேதியியல் குணத்தால் வருவது, கதிரியக்கத்தால் வருவதன்று.

செய்முறை இதுதான். கால் கிலோ பொட்டாஷை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு வாயை நன்கு மூட வேண்டும். அரைச் சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்ப வேண்டும். அதன்மேல் குழாய் படும்படி கருவியை வைக்க வேண்டும். குவியலாக வைப்பதைவிடப் பரப்பி வைப்பது நல்லது. பொட்டாசியத்தின் பீட்டாத் துகள்கள் உப்பினூடே சில மில்லிமீட்டர் தொலைவே செல்லக்கூடியவை. அடியில் கிடக்கும் உரத்திலிருந்து புறப்படும் துகள்கள் மேலே வந்து சேர்வதில்லை.

இத்துடன் இன்னொரு பையும் வேண்டும். அதே அளவு சமையல் உப்பை அதேபோன்ற உறையில் அதே கனத்துக்குப் பரப்ப வேண்டும். சோடியமும் குளோரினும் சேர்ந்த இவ்வுப்பில் குறிப்பிடத்தக்க கதிரியக்கம் இல்லை. பொட்டாஷுக்கு எண்ணிக்கை கூடி, உப்புக்குக் கூடாமல் இருந்தால்தான் கருவி உண்மையில் கதிரியக்கத்தை உணர்கிறது என்று கூறலாம். உப்புக்கும் கூடினால் வேறு ஏதோ காரணம் இருக்கிறது. உப்பு, பொட்டாஷ், உப்பு, பொட்டாஷ் என்று மாற்றி மாற்றி எண்ணுவது சிறந்தது.

இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி 1, 2 என்று எண்ணிடும்படி தம்பியிடம் கூறலாம். எது எது என்று அவன் சொல்லக்கூடாது. கருவியின் எண்களை மட்டும் கொண்டு அவள் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு வேண்டிய விடையை நாமே எண்களில் கண்டுவிடும் மயக்கத்தை இது தடுக்கும்.

பொறுமையின் கணக்கு

பொட்டாஷ் மிகவும் வலிமை குறைந்த மூலம் ஆதலால் எண்ணிக்கை பெருமளவில் உயராது. பின்னணி நிமிடத்துக்கு 22 என்றும், பொட்டாஷின்மேல் வைத்தால் 28 என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6 மட்டுமே. பின்னணியே 17-க்கும் 26-க்கும் இடையே ஊசலாடுவதைப் பார்த்தோம். அப்படியானால் இந்த 6-ஐ நம்பலாமா?

கதிரியக்க எண்ணிக்கையில் ஒரு நல்ல விதி உண்டு. எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அது இயல்பாக ஏறி இறங்கலாம். இரு எண்ணிக்கைகளின் வேறுபாட்டைப் பார்க்கும்போது இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். 22-உம் 28-உம் கூட்டினால் 50. அதன் வர்க்கமூலம் சுமார் 7. வேறுபாடோ 6. ஆகவே ஒரு நிமிடம் எண்ணியதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

இப்போது ஒவ்வொன்றையும் 30 நிமிடம் எண்ணுவோம். பின்னணி 660, பொட்டாஷ் 840 என்று வரும். வேறுபாடு 180. இரண்டின் கூட்டுத்தொகை 1,500. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 39. வேறுபாடு இதைப்போல் நாலரை மடங்குக்கும் அதிகமாக இருக்கிறது. பொதுவாக மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அது தற்செயலாக வந்ததன்று என்று துணிந்து கூறலாம். அதே கருவி, அதே உரம். நேரம் மட்டுமே கூடியது. வலிமையான மூலத்தால் ஒரு நொடியில் கிடைக்கும் விடையை, வலிமை குறைந்த மூலத்தைக் கொண்டு அரைமணிப் பொறுமையால் எவ்வித ஆபத்தும் இன்றிப் பெற்றுவிடலாம். மாணவர்கள் கைக்கொள்ள வேண்டிய வழி இதுவே.

மூன்றாம் சோதனை: காற்றிலிருந்து கதிரியக்கம்

பொட்டாஷின் கதிரியக்கம் நம் வாழ்நாளில் மாறுவதில்லை. எண்ணிக்கை மெல்லக் குறைந்து போவதையும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அறிய ஒரு பலூன் போதும்.

மண்ணில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிறது. அவ்வாயு தரை வழியே வீட்டுக்குள் வந்து சேர்கிறது. அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம், காரீயம், பிஸ்மத் அணுக்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்துடன் பிறக்கின்றன. எதிர்மின்னூட்டம் பெற்ற பொருள் அவற்றை ஈர்த்துக்கொள்ளும். ஜெர்மானிய ஆசிரியர்களான எல்ஸ்டரும் கைட்டலும் 1901-இல் எதிர் மின்னழுத்தம் தந்த கம்பியைக் காற்றில் தொங்கவிட்டு இவ்வாறு கதிரியக்கத்தைத் திரட்டினார்கள்.

நாமோ ரப்பர் பலூனை ஊதி, உலர்ந்த தலைமுடியிலோ கம்பளியிலோ நன்கு தேய்த்தால் அது எதிர்மின்னூட்டம் பெறும். இரவெல்லாம் மூடிவைத்த தரைத்தள அறையில் அதை நூலில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட வேண்டும். பின்னர் காற்றை மெல்ல வெளியேற்றி, சுருங்கிய பலூனைக் குழாய்மேல் வைத்துப் பத்துப் பத்து நிமிடமாக எண்ண வேண்டும். தேய்க்காத மற்றொரு பலூனையும் அதே அறையில் தொங்கவிட்டு ஒப்பிட வேண்டும்.

தேய்த்த பலூனின் கூடுதல் எண்ணிக்கை முதலில் உயர்ந்திருந்து, பின்னர் அரை மணி முதல் முக்கால் மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். பலூனில் படிந்த காரீயம்-214-இன் அரை ஆயுட்காலம் 27 நிமிடம், பிஸ்மத்-214-இன் அரை ஆயுட்காலம் 20 நிமிடம் என்பதே காரணம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் சிறிது எஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் மண்ணின் தோரியத்திலிருந்து வந்த காரீயம்-212 ஆகும். அதன் அரை ஆயுட்காலம் 10.6 மணி. வரைபடத் தாளில் இதை வரைந்து பாருங்கள். பாடநூலில் அச்சிட்டிருக்கும் சிதைவு வளைகோடு உங்கள் வீட்டுக் காற்றிலிருந்தே உருவாகும்!

காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் பலூனின் மின்னூட்டம் கசிந்துவிடும். மாசி, பங்குனி போன்ற வறண்ட மாதங்கள் இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் வேறொரு வழி உண்டு. மழைத்துளிகள் காற்றில் உள்ள இதே அணுக்களைக் கழுவி இறக்குகின்றன. இதனைச் சி.டி.ஆர். வில்சன் 1902-இல் கண்டார். பல நாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையில் ஓர் அகன்ற தட்டை வெளியே வைத்து, மழை ஓய்ந்தவுடன் அதன் ஈரத்தை உறிஞ்சுதாளால் துடைத்து, தாளை மடித்து உறையிலிட்டு உடனே எண்ண வேண்டும். இடி மின்னல் இருக்கும்போது வெளியே போகக்கூடாது. பலூனும் மழையும் நாளுக்கு நாள் வேறுபடும். எதுவும் தென்படவில்லை என்றால் உடனே கருவியைக் குறை கூறவேண்டாம். பொட்டாஷ் சோதனையில் தேறிய கருவிக்கு இவை மேற்படிப்பு போன்றவை.

கல்லும் மணலும் மாண்டிலும்

"கருங்கல்லில் கதிரியக்கம் உண்டாமே, அதை வைத்துச் சோதிக்கலாமா?" என்று சிலர் கேட்பர். கல்லில் உண்டு. ஆனால் எல்லாக் கல்லிலும் ஒரே அளவில் இல்லை. பொட்டாசியம் மிகுந்த இளஞ்சிவப்புக் கிரானைட்டில் ஓரளவு கூடுதலாக இருக்கும். கல்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் உருவான இத்தகைய பாறைகளில் யுரேனியமும் தோரியமும் பெரும்பாலும் குறைவு. பார்வைக்கு எல்லாமே கருங்கல்தான். ஆகவே கல் நல்ல சோதனைப் பொருளன்று. பொட்டாஷில் தேறிய கருவியைக் கொண்டு ஊரின் பழைய சிவன் கோயில் கல்மண்டபத்திலும், தன் வீட்டுக் கூடத்திலும், வயல்வெளியிலும் பின்னணியை அரைமணி நேரம் எண்ணி ஒப்பிட்டால் அது ஒரு நல்ல ஆய்வாகும்.

திருவிழாக்களில் பயன்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலிலும் கதிரியக்கம் உண்டு. ஆஸ்திரிய வேதியியலர் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய இம்மாண்டிலில் தோரியம் ஆக்சைடு ஒளி வீசியது. இன்று பல மாண்டில்கள் தோரியம் இன்றியே செய்யப்படுகின்றன. பழைய மாண்டிலை எரித்தால் எளிதில் உதிரும் சாம்பலாகிவிடும். அத்தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகக்கூடியது. வெளியே இருந்தால் தோல் தடுத்துவிடும் ஆல்ஃபாத் துகள், உள்ளே போனால் திசுக்களைச் சிதைக்கும். வீட்டில் பழைய மாண்டில் இருந்தால் அதன் உறையைப் பிரிக்காமல் விட்டுவிடுங்கள். பொட்டாஷ் இருக்க இது தேவையில்லை.

இந்தத் தோரியத்தின் கதை நம் கடற்கரையோடு தொடர்புடையது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமத்தைக் கண்டார். அதைத் தேடி வந்தபோது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அக்கனிமம் இருப்பது தெரிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் அக்கடற்கரையில் பின்னணிக் கதிர்வீச்சு பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுதி. அங்கே சுற்றுலா செல்பவர்கள் கருவியை எடுத்துச் சென்று எண்ணிப் பார்க்கலாம். மணலை அள்ளிக்கொண்டு வரவேண்டாம். மோனசைட் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வீட்டில் வைத்தால் அதன் தூளும் பரவும்.

சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

இச்சோதனைகளில் தேறிய கருவி கதிர்வீச்சை உணர்கிறது, பொய்யாக எண்ணவில்லை, சிறு மாற்றத்தையும் காட்டுகிறது என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் திரையில் தோன்றும் மைக்ரோசீவெர்ட் எண் சரியானது என்று கூற முடியாது.

அந்த எண் பெரும்பாலும் சீசியம்-137-இன் காமாக் கதிரை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பொட்டாஷிலிருந்து வருபவையோ பெரும்பாலும் பீட்டாத் துகள்கள். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அது எல்லாவற்றையும் காமாவாகக் கருதித் தவறான அளவைக் காட்டும். அளவைச் சரிபார்ப்பது அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடங்களின் வேலை. நம் நாட்டில் கதிர்வீச்சு அளவுகளுக்கான தரத்தைப் பேணுவது மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம்.

இதனால் மாணவர்களுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. உரக்கடையில் கருவி வேகமாக ஒலித்தது என்பதைக் கொண்டு "எங்கள் ஊர் உரத்தில் ஆபத்தான கதிர்வீச்சு" என்று பரப்பினால் ஊரே கலங்கும். உண்மையில் அங்கே ஒலித்தது பூமி தோன்றிய நாள் முதல் மண்ணிலும் பயிரிலும் நம் உடலிலும் உள்ள பொட்டாசியமே. எனவே குறிப்பேட்டில் நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை, எவ்வளவு நேரம் எண்ணியது, அருகில் என்ன இருந்தது, பின்னணி எவ்வளவு என்ற நான்கையும் எழுதுங்கள். இந்நான்கும் இல்லாத எண்ணை யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

மாறாக, பின்னணி திடீரெனப் பல மடங்கு உயர்ந்து, இடம் மாற்றி எண்ணியும் உப்புப் பையால் ஒப்பிட்டும் அதற்குக் காரணம் தெரியவில்லை என்றால் அலட்சியம் செய்யக்கூடாது. நீங்களே தேடிப் போகாமல் அவ்விடத்தை விட்டு விலகி ஆசிரியரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். மாதக் கணக்கில் பின்னணியை எண்ணிப் பழகியவருக்கே இயல்பு எது, இயல்பல்லாதது எது என்று தெரியும்.

சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பொட்டாஷ் பையில் பெயர் எழுதி, ஈரம் படாத இடத்தில், சமையலறைக்கும் சிறு குழந்தைகளின் கைக்கும் எட்டாமல் வையுங்கள். அடுத்த ஆண்டும் கருவியைச் சோதிக்க அதே பை உதவும். 125 கோடி ஆண்டு அரை ஆயுட்காலம் உடைய பொருள் ஓர் ஆண்டில் குறைந்துவிடாது. எண்ணிக்கை குறைந்தால் குறை கருவியில்தான்!